மகன் சுட்டதற்குப் பெற்றோருக்குச் சிறை: சட்டம் எதைத் தண்டித்தது?

கேள்வி: அமெரிக்காவில் பள்ளி மாணவன் ஒருவன் சக மாணவர்களைச் சுட்டுக் கொன்றதற்காக அவனுடைய தாயையும் தந்தையையும் சிறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பிள்ளை செய்த கொலைக்குப் பெற்றோரைத் தண்டிப்பது எந்தச் சட்டத்தில் சேர்த்தி? அது நியாயமா?

முதலில் கேள்வியையே கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. பிள்ளை செய்த கொலைக்காகப் பெற்றோர் தண்டிக்கப்படவில்லை. கொலைக்கான தண்டனை கொலை செய்தவனுக்குக் கிடைத்துவிட்டது. 2021 நவம்பர் 30 அன்று மிச்சிகன் மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் 15 வயது மாணவன் 4 மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். 7 பேர் காயமடைந்தனர். கொலை, பயங்கரவாதம் உட்பட 24 குற்றச்சாட்டுகளையும் அவன் ஒப்புக்கொண்டான். 2023 டிசம்பரில் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவனுடைய பெற்றோர் ஜேம்ஸ் கிரம்ப்ளி, ஜென்னிஃபர் கிரம்ப்ளி இருவர் மீதும் சாட்டப்பட்டது வேறு குற்றம்: கடுமையான கவனக்குறைவால் மரணம் விளைவித்தது. இறந்த ஒவ்வொருவருக்கும் ஒன்றாக, ஆளுக்கு நான்கு குற்றச்சாட்டுகள்.

நம் ஊர்ச் சட்டத்தில் இதற்கு நெருங்கியது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு. லாரி ஓட்டுநர்கள், கட்டட ஒப்பந்தக்காரர்கள், மருத்துவர்கள் மீதெல்லாம் பாயும் அதே பிரிவு. அதில் அதிகபட்சம் 2 ஆண்டு. இப்போதைய நியாய சன்ஹிதாவில் 5 ஆண்டு. மிச்சிகனில் 15 ஆண்டு. அமெரிக்கச் சட்டம் கேட்கும் கவனக்குறைவின் அளவும் அதற்கேற்ப அதிகம். சாதாரண அலட்சியம் போதாது. ஆபத்து இருப்பது தெரிந்திருக்க வேண்டும், அதைத் தவிர்க்க வழி இருந்திருக்க வேண்டும், அப்படியிருந்தும் தவிர்க்காமல் விட்டிருக்க வேண்டும்.

நியாயமா என்ற கேள்விக்கு என் பதில்: இந்த வழக்கின் உண்மைகளை வைத்துப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் அந்த நியாயம் மிகக் குறுகிய ஓர் இடத்தில் நிற்கிறது. துப்பாக்கியை வைத்து அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் அந்த இடம். அதைவிட்டு நல்ல தாயா, கெட்ட தகப்பனா என்ற பக்கம் நீதிமன்றம் நகர்ந்தால் நியாயமும் கூடவே நழுவிவிடும். நடந்த விசாரணையில் அது இரண்டொரு முறை நழுவவும் செய்தது.

நாள்வாரியாக நடந்ததைச் சொல்கிறேன். இந்த வழக்கே அந்த ஐந்து நாட்களில்தான் அடங்கியிருக்கிறது.

நவம்பர் 26, வெள்ளிக்கிழமை. நன்றி கூறல் நாளுக்கு மறுநாள், கடைகளெல்லாம் தள்ளுபடியில் விற்கும் நாள். தந்தை மகனைக் கூட்டிக்கொண்டு போய் சிக் சாவர் நிறுவனத்தின் 9 மி.மீ. கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கினார். 15 வயதுப் பையன் சொந்தமாகக் கைத்துப்பாக்கி வாங்க முடியாது. உரிமம் பெற்ற கடைக்காரர் 21 வயதுக்குக் குறைந்த யாருக்கும் அதை விற்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம். எனவே படிவத்தில் கையெழுத்து தந்தையுடையது. மகனோ அன்றே தன் சமூக ஊடகப் பக்கத்தில் அதைத் தன்னுடையது என்று படம்போட்டுக் கொண்டாடினான். மறுநாள் தாய் அவனைச் சுடும் பயிற்சிக்கூடத்துக்கு அழைத்துச் சென்றார். மகனின் கிறிஸ்துமஸ் பரிசைச் சோதித்துப் பார்த்ததாக அவரும் இணையத்தில் எழுதினார். துப்பாக்கி யாருக்கு வாங்கப்பட்டது என்று விசாரணையில் பெரிய விவாதமே தேவைப்படாமல் போனதற்கு இந்த இரண்டு பதிவுகளே காரணம்.

29, திங்கள். வகுப்பில் அவன் கைபேசியில் தோட்டாக்களைத் தேடிக்கொண்டிருந்ததை ஆசிரியை பார்த்தார். பள்ளி தாயின் தொலைபேசியில் தகவல் விட்டுவைத்தது. தாய் பள்ளிக்குத் திரும்பப் பேசவில்லை. மகனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்: சிரிப்புக் குறியோடு, எனக்கு உன்மேல் கோபமில்லை, மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள் என்ற பொருளில். இந்த வரி உலகம் முழுக்கப் பரவி அவரை ஓர் அரக்கியாக்கிவிட்டது. தனியாக எடுத்துப் பார்த்தால், வாரக் கடைசியில் சேர்ந்து சுடப் போய்வந்த குடும்பத்தில், அதுவும் வேட்டைத் துப்பாக்கி சகஜமான ஒரு மாவட்டத்தில், இதை ஒரு தாயின் அசட்டு நகைச்சுவை என்று தள்ளிவிடவும் முடியும். மறுநாள் காலை மட்டும் வராமல் இருந்திருந்தால்.

30, செவ்வாய் காலை. கணக்குப் பாடத் தாளில் அவன் துப்பாக்கியையும் தோட்டாவையும் ரத்தம் வழியும் உருவத்தையும் வரைந்திருந்தான். பக்கத்திலேயே, எண்ணங்கள் நிற்க மறுக்கின்றன, எனக்கு உதவுங்கள் என்று எழுதியிருந்தான். எங்கும் ரத்தம், என் வாழ்க்கை பயனற்றது என்ற வரிகளும் இருந்தன. ஆசிரியை தாளைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டார். அது புத்திசாலித்தனம், ஏனென்றால் ஆலோசகரிடம் தாள் போவதற்குள் அவன் பலவற்றைக் கிறுக்கி அழித்துவிட்டான். பெற்றோர் இருவரும் வரவழைக்கப்பட்டார்கள். சந்திப்பு ஏறத்தாழ 12 நிமிடம் நடந்தது. பையனுக்கு உடனே மனநல உதவி வேண்டும், முடிந்தால் இன்றே என்றார் பள்ளி ஆலோசகர். இன்று முடியாது, வேலை இருக்கிறது என்றார் தாய். மகனைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

அந்த அறையில் துப்பாக்கி என்ற சொல்லைப் பெற்றோர் உச்சரிக்கவே இல்லை. துப்பாக்கி வரைந்த தாள் கண்முன்னே இருக்கிறது. நாலு நாளைக்கு முன்னால் அதேபோன்ற ஒன்றை இவனுக்கு வாங்கிக் கொடுத்தோம் என்று இருவரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் அது இருந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கவும் இல்லை. அது அப்போது அவன் முதுகுப்பைக்குள் இருந்தது. பகல் ஒரு மணிக்குச் சற்று முன்பு அவன் சுடத் தொடங்கினான்.

செய்தி பரவியதும் தாய் மகனுக்கு அனுப்பிய குறுஞ்செய்தி, அதைச் செய்யாதே என்று கெஞ்சியது. தந்தை வீட்டுக்கு விரைந்து துப்பாக்கியைத் தேடிவிட்டு, அவசர எண்ணை அழைத்து, துப்பாக்கியைக் காணவில்லை, சுடுவது என் மகனாக இருக்கலாம் என்றார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் பள்ளியில் யாரோ சுடுகிறார்கள் என்று கேட்டதும் இந்த இரண்டு பெற்றோருக்கு மட்டும் தங்கள் பிள்ளையின் பெயர் முதலில் தோன்றியது. மற்ற பெற்றோர் எல்லாம் தங்கள் பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்றுதான் தேடி ஓடினார்கள். அரசு வழக்கறிஞர் கேரன் மெக்டோனால்டுக்கு இதைவிட வலுவான சாட்சியம் தேவைப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

இனி சட்டத்தின் முடிச்சு. குற்றவியல் சட்டத்தில் மிகப் பழைய விதி ஒன்று உண்டு: ஒருவனுடைய அலட்சியத்துக்கும் மரணத்துக்கும் நடுவே இன்னொருவன் வேண்டுமென்றே செய்த குற்றம் குறுக்கிட்டால், காரண காரியச் சங்கிலி அங்கே அறுந்துவிடும். கதவைப் பூட்டாமல் போனவன் கொள்ளைக்காரன் செய்த கொலைக்குப் பொறுப்பாக மாட்டான். கிரம்ப்ளி தரப்பு பற்றிக்கொண்டதும் இதைத்தான்: சுட முடிவெடுத்தவன் மகன், அது அவனுடைய சுயமான முடிவு. விசாரணை தொடங்கும் முன்பே வாதம் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. குறுக்கிட்ட செயல் நியாயமாக எதிர்பார்த்திருக்கக்கூடியதாக இருந்தால் சங்கிலி அறுவதில்லை, இங்கே அப்படி எதிர்பார்த்திருக்க முடியுமா என்பதை ஜூரி தீர்மானிக்கட்டும் என்று 2023 மார்ச்சில் அந்த நீதிமன்றம் சொன்னது. பிற்பாடு வந்த தீர்ப்புகளுக்கெல்லாம் வாசல் திறந்தது இந்த உத்தரவுதான்.

2024 பிப்ரவரி 6 அன்று தாய் குற்றவாளி என்று ஒரு ஜூரி சொன்னது. மார்ச் 14 அன்று தந்தையைப் பற்றி வேறொரு ஜூரி அதையே சொன்னது. ஏப்ரல் 9 அன்று நீதிபதி ஷெரில் மேத்யூஸ் இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டு சிறை விதித்தார். மோசமான பிள்ளை வளர்ப்புக்கு இந்தத் தண்டனை அல்ல என்று அவரே சொன்னார். வரவிருந்ததைத் தடுத்திருக்கக்கூடிய செயல்களைத் திரும்பத் திரும்பச் செய்யாமல் விட்டதற்குத்தான் என்றார். அமெரிக்காவில் பள்ளித் துப்பாக்கிச் சூடு ஒன்றில் மரணம் விளைவித்த குற்றத்துக்காகச் சுட்டவனின் பெற்றோர் தண்டிக்கப்பட்டது அதுவே முதல் முறை.

மிச்சிகனுக்கு இந்தச் சிந்தனை முற்றிலும் புதிதல்ல. 2000 பிப்ரவரியில் ஃபிளின்ட் நகரத்துக்கு அருகே 6 வயதுச் சிறுவன் ஒருவன் அதே வயதுச் சிறுமியை வகுப்பறையில் சுட்டுக் கொன்றான். அவன் தங்கியிருந்த வீட்டில் துப்பாக்கியை எட்டும் இடத்தில் விட்டுவைத்த 19 வயது இளைஞர் இதே குற்றத்துக்காகச் சிறை சென்றார். அவர் பெற்றோர் அல்லர். ஆனால் தத்துவம் ஒன்றுதான்: பொறுப்பு ரத்த உறவிலிருந்து வருவதில்லை, ஆயுதத்தைக் கையாண்ட விதத்திலிருந்து வருகிறது. என்னைக் கேட்டால் கிரம்ப்ளி வழக்கை இந்த வரிசையில் வைத்துப் படிப்பதுதான் சரி.

மற்ற மாநிலங்களில் அரசு வழக்கறிஞர்கள் கைக்குக் கிடைத்த சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 2014இல் வாஷிங்டன் மாநிலத்தின் மேரிஸ்வில் பள்ளியில் சுட்ட மாணவனின் தந்தை, தடை இருந்தும் துப்பாக்கி வைத்திருந்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். 2023 ஜனவரியில் வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸில் 6 வயதுச் சிறுவன் தன் ஆசிரியையைச் சுட்டபோது, அவனுடைய தாய் கஞ்சா பயன்படுத்திக்கொண்டே துப்பாக்கி வைத்திருந்ததற்காக மத்திய நீதிமன்றத்திலும், பிள்ளையை அலட்சியப்படுத்தியதற்காக மாநில நீதிமன்றத்திலும் தனித்தனியாகத் தண்டனை பெற்றார். இவையெல்லாம் சுற்றுவழிகள். நேர்வழியில் போக யாருக்கும் துணிவு வரவில்லை.

கிரம்ப்ளி தீர்ப்புக்குப் பிறகு அந்தத் துணிவு வந்தது. 2024 செப்டம்பர் 4 அன்று ஜார்ஜியாவின் அபலாச்சி உயர்நிலைப் பள்ளியில் 14 வயது மாணவன் இரண்டு மாணவர்களையும் இரண்டு ஆசிரியர்களையும் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டது. மறுநாளே தந்தை கைது. அவர் மீது சாட்டப்பட்டது இரண்டாம் நிலைக் கொலை. ஜார்ஜியாவில் அதன் பொருள் தனி: குழந்தைக்குக் கொடுமை இழைக்கும் செயலில் மரணம் நேர்ந்தால் அது இரண்டாம் நிலைக் கொலை ஆகும், கொல்லும் நோக்கம் இருக்க வேண்டியதில்லை, தண்டனை 30 ஆண்டு வரை போகலாம். இங்கே எச்சரிக்கை காவல்துறை வழியாகவே வந்திருந்தது. 2023 மே மாதம் இணையத்தில் வந்த பள்ளி மிரட்டல் ஒன்றைத் தொடர்ந்து ஷெரிஃப் அலுவலகத்தார் அந்த வீட்டுக்குப் போய்த் தந்தையையும் மகனையும் விசாரித்தார்கள். அதே ஆண்டு கிறிஸ்துமஸுக்குத் தந்தை மகனுக்கு ஏஆர் எனப்படும் அரைத் தானியங்கி நீள்துப்பாக்கியைப் பரிசளித்தார் என்பது வழக்கு. காவலர்கள் வந்து போனதற்கும் பரிசுப் பொட்டலத்துக்கும் நடுவே வெறும் ஏழு மாதம்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2018இல் டெக்சாஸின் சான்டா ஃபே பள்ளியில் 17 வயது மாணவன் தந்தையின் துப்பாக்கிகளால் 10 பேரைக் கொன்றான். பெற்றோர் மீது குற்ற வழக்கே வரவில்லை. டெக்சாஸில் துப்பாக்கியைக் குழந்தைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லும் சட்டம் 17 வயதுக்குக் குறைந்தவர்களைத்தான் குழந்தை என்கிறது. இவன் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தான். இறந்தவர்களின் குடும்பங்கள் நஷ்டஈடு கேட்டுப் பெற்றோர் மீது தொடுத்த உரிமையியல் வழக்கிலும் 2024 ஆகஸ்டில் ஜூரி பெற்றோர் பொறுப்பல்ல என்றது. குற்ற வழக்கைவிட எளிதாக நிரூபிக்கக்கூடிய வழக்கு அது. இரண்டு தீர்ப்புகளும் ஒரே ஆண்டில் வந்தவை. கிரம்ப்ளி தீர்ப்பால் இனி எல்லாப் பெற்றோரும் உள்ளே போய்விடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் இந்தத் தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பயத்துக்குக் காரணமே இல்லையா? இருக்கிறது. ஜென்னிஃபர் கிரம்ப்ளியின் விசாரணையில் அவருடைய குதிரைகள் வந்தன. அவருக்கு இருந்த திருமணத்துக்கு வெளியேயான உறவு வந்தது. மகனோடு இருந்த நேரத்தைவிடக் குதிரைகளோடு இருந்த நேரம் அதிகம் என்பது அரசுத் தரப்பு வரைந்த சித்திரம். தந்தையின் விசாரணையில் இதற்கு இணையாக எதுவும் இவ்வளவு தூரம் கிளறப்படவில்லை. துப்பாக்கியை வாங்கியவர் தந்தை, ஆனால் ஒழுக்கத்துக்குப் பதில் சொன்னவர் தாய். எந்த நாட்டு நீதிமன்றத்திலும் பெண் கூண்டில் ஏறினால் இது நடக்கும் என்பதை நாம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

மகனின் நாட்குறிப்பு வேறொரு சிக்கல். மனநலத்துக்கு உதவியே கிடைக்கவில்லை, அதனால்தான் பள்ளியில் சுடப்போகிறேன் என்று அவன் எழுதியிருந்தது ஜூரிக்குக் காட்டப்பட்டது. அதைப் படித்தால் யாருக்கும் நெஞ்சு பதறும். ஆனால் பெற்றோர் அதைப் படித்திருந்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. பெற்றோருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதுதான் வழக்கு. அவர்கள் பார்க்காத காகிதம் அந்தக் கேள்விக்கு எப்படிப் பதிலாகும்? எழுதியவனைக் குறுக்கு விசாரணை செய்யவும் வழியில்லை, அவன் சாட்சி சொல்லவில்லை. என் கணக்கில் இந்த நாட்குறிப்பு இல்லாமலேயே அந்த வழக்கு நின்றிருக்கும். தேவையில்லாத சுமையை ஏற்றி அரசுத் தரப்பே மேல்முறையீட்டுக்கு இடம் கொடுத்துவிட்டது.

சட்ட அறிஞர்கள் சுட்டும் இன்னொரு முரண்பாடும் உண்டு. ஒரு நீதிமன்றத்தில் அந்த 15 வயதுப் பையன் வயது வந்தவனாகக் கருதப்பட்டு, திருந்த வாய்ப்பே இல்லாதவன் என்று சாகும்வரை சிறைக்குப் போகிறான். இன்னொரு நீதிமன்றத்தில் அவன் பெற்றோரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டிய சிறுவன். இரண்டில் எது அவன்? எனக்கு இது முழுதாக உறுத்தாததற்குக் காரணம், பெற்றோர் மீதான வழக்கின் ஒரு பாதி அவனுடைய வயதைப் பெரிதாக நம்பியிருக்கவில்லை. கொல்லப்போவதாகச் சொல்லும் 30 வயது நண்பனிடம் துப்பாக்கியைக் கொடுத்தாலும் குற்றம் குற்றம்தான். ஆனால் அரசுத் தரப்பு இரண்டாவது வாதம் ஒன்றையும் வைத்தது: பிள்ளையைக் கட்டுப்படுத்தும் சட்டக் கடமையில் பெற்றோர் தவறினார்கள் என்று. முரண்பாடு முளைப்பது அங்கேதான். இரண்டில் எந்த வாதத்தை ஏற்கிறோம் என்பதில் ஜூரிகள் 12 பேரும் ஒத்துப்போக வேண்டியதில்லை என்று நீதிபதி அறிவுறுத்தியதால், தண்டனை எந்த வாதத்தின் மேல் நிற்கிறது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாமல் போய்விட்டது. இந்த இரண்டாவது வாதம்தான் நாளைக்கு வேறு மாவட்டத்தில், இரண்டு வேலை பார்க்கும் ஏழைத் தாய் ஒருத்தியின் மேல், துப்பாக்கியே சம்பந்தப்படாத வழக்கில் பிரயோகிக்கப்படும் என்று நான் அஞ்சுகிறேன்.

பள்ளி என்ன ஆனது என்று கேட்பீர்கள். பையைத் திறந்து பார்க்காதவர்கள், வீட்டில் துப்பாக்கி உண்டா என்று கேட்காதவர்கள், பெற்றோர் மறுத்ததும் அவனை வகுப்புக்குத் திருப்பி அனுப்பியவர்கள் ஒருவர் மீதும் குற்ற வழக்கு இல்லை. 2023இல் வெளிவந்த சுதந்திர விசாரணை அறிக்கை பள்ளியின் தவறுகளை விரிவாகவே அடுக்கியது. குடும்பங்கள் பள்ளி மீது தொடுத்த வழக்குகளை மாநில நீதிமன்றங்கள் அரசு அமைப்புகளுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பைக் காட்டித் தள்ளுபடி செய்தன. ஆலோசகரையும் மாணவர் நலப் பொறுப்பாளரையும் சாட்சிகளாக்கும் முன்பு அரசுத் தரப்பு அவர்களோடு செய்துகொண்ட எழுத்துமூல ஒப்பந்தங்களைக் கிரம்ப்ளி தரப்பிடம் காட்டாமல் வைத்திருந்ததும் பின்னால் வெளிவந்தது. அது தவறு என்று நீதிபதி ஒப்புக்கொண்டார்; மறுவிசாரணைக்கு அது போதாது என்றார். தீர்ப்பை ஆதரிக்கும் எனக்கே இது கசக்கிறது.

நம் நாட்டில் இதற்கு இணை உண்டா என்றால், துப்பாக்கியில் இல்லை, வண்டிச் சாவியில் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 199ஏ பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பாதுகாவலரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அதில் ஒரு வித்தியாசம் கவனிக்கத்தக்கது. பெற்றோரின் சம்மதத்தோடுதான் ஓட்டினான் என்று நீதிமன்றமே அனுமானித்துக்கொள்ளும். எனக்குத் தெரியாது, தடுக்க முயன்றேன் என்பதைப் பெற்றோர்தான் நிரூபிக்க வேண்டும். மிச்சிகனில் எல்லாவற்றையும் ஐயத்துக்கு இடமின்றி அரசே நிரூபித்தாக வேண்டியிருந்தது. இந்தத் தீர்ப்பைக் கொடூரம் என்று சொல்லும் நம்மவர்கள், வீட்டுக்குப் பக்கத்தில் அதைவிட எளிதாகப் பிடிக்கும் வலை விரித்திருப்பதைக் கவனிக்கவில்லை போலும்.

இதனால் அடுத்த சம்பவம் தடுக்கப்படுமா? அமெரிக்க அதிபரின் பாதுகாப்பைக் கவனிக்கும் ரகசியச் சேவை என்ற அரசு அமைப்பு 2019இல் வெளியிட்ட ஆய்வு 2008 முதல் 2017 வரை பள்ளிகளில் நடந்த 41 திட்டமிட்ட தாக்குதல்களை எடுத்துக்கொண்டது. துப்பாக்கி பயன்படுத்தியவர்களில் 76 சதவீதம் பேருக்கு அது கிடைத்த இடம் பெற்றோர் வீடு அல்லது நெருங்கிய உறவினர் வீடு. எனவே பூட்ட வேண்டிய இடம் எது என்பதில் குழப்பமில்லை. ஆனால் சிறைப் பயம் பூட்ட வைக்குமா என்பது வேறு கேள்வி. என் பிள்ளை கொலைகாரன் ஆவான் என்று எந்தப் பெற்றோரும் கற்பனை செய்வதில்லை. கற்பனைக்கே வராத ஒன்றுக்கு யாரும் பயப்பட மாட்டார்கள். 15 ஆண்டுச் சிறையைவிட, அலமாரியைப் பூட்டாததற்கே அபராதம் என்ற சின்ன விதிதான் அன்றாட வாழ்க்கையில் கையைப் பூட்டுக்குக் கொண்டுபோகும்.

துப்பாக்கி விற்பனையோடு சேர்த்துக் கொடுத்த கம்பிப் பூட்டு கிரம்ப்ளி வீட்டில் உறை பிரிக்காமல் கிடந்தது. அதை மாட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று மெக்டோனால்டு தந்தையின் விசாரணையில் ஜூரி முன்பு மாட்டிக் காட்டினார், சில விநாடிகள்தான். ஆனால் 2021இல் அந்தப் பூட்டை மாட்டாமல் வைத்திருப்பது மிச்சிகனில் குற்றமே இல்லை. அந்தச் சட்டமே அப்போது கிடையாது. அதனால்தான் குறுஞ்செய்தி, நாட்குறிப்பு, குதிரை என்று ஒரு குடும்பத்தின் உள்ளறை முழுவதையும் நீதிமன்றத்தில் கொட்ட வேண்டியிருந்தது.

மைனர் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்ற சட்டம் மிச்சிகனில் 2024 பிப்ரவரி 13 அன்று அமலுக்கு வந்தது, ஜென்னிஃபர் கிரம்ப்ளி குற்றவாளி என்று அறிவிக்கப்பட்டு சரியாக ஒரு வாரம் கழித்து. அந்தச் சட்டத்தின்படி பூட்டாத துப்பாக்கியை மைனர் எடுத்து யாரையாவது கொன்றால் உரியவருக்கு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. கிரம்ப்ளி வழக்கின் குற்றத்துக்கும் அதே அதிகபட்சம்தான். ஆனால் இனிமேல் அரசு வழக்கறிஞர் நிரூபிக்க வேண்டியவை வீட்டில் மைனர் இருந்தது தெரியுமா, துப்பாக்கி பூட்டியிருந்ததா என்ற அளவில் முடிந்துவிடும். அவனுடைய தாய் எப்படிப்பட்டவள் என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது.